துப்பாக்கி ஈட்டிகள்: பழையனவும் புதுக்கியனவும்



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலுள்ள பழைய பங்களாக்களுக்குள் சென்று பார்த்தவர்கள், கணப்படுப்புக்கு மேலுள்ள சுவரில் மாட்டப்பட்டிருக்கும் பொருள்களைக் கண்டிருப்பார்கள். மரையின் கொம்பு ஒன்று இருக்கும். நிறம் மங்கிய கிரிக்கெட் குழுவின் படம் ஒன்று இருக்கும். சில பங்களாக்களில் தோலுறையிற் செருகிய நீண்ட கத்தி ஒன்றும் தொங்கும். தோட்டத்து மக்கள் அதனைத் 'துரையின் வாள்' என்று சொல்லுவார்கள். உண்மையில் அது துப்பாக்கிக் குழலின் நுனியிற் பொருத்தி எதிரியைக் குத்துவதற்கென அமைக்கப்பட்ட ஈட்டியாகும். பயனெட் என்று ஆங்கிலேயர் வழங்கும் பெயர், பிரான்சு நாட்டிலுள்ள பயோன் என்னும் நகரின் பெயரிலிருந்து பிறந்தது என்பர்.

இந்தத் துப்பாக்கி ஈட்டிகள் எங்கள் பகுதிக்கு எவ்வாறு வந்தன என்பதை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை என்றொரு தொண்டர் படை தோன்றியது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படையில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வார நாள்களிற் கொழுந்துக் கணக்குப் பார்த்தவர்கள், விடுமுறை நாள்களிற் குறிபார்த்துச் சுடப் பழகினர். முதல் உலகப் போர் மூண்டதும், 1914ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இப்படையின் ஒரு பகுதி கப்பலேறி எகிப்துக்குச் சென்றது. மறு ஆண்டு கலிப்போலிப் போர்முனையில் தளபதி பேட்வூட்டின் தலைமையிடத்துக்கு இவர்கள் காவல் புரிந்தனர். இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டு தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அக்காலத்தில் மலைநாட்டின் தெருக்களிற் பல நாட்டுப் படைவீரர் நடமாடினர். 1949ஆம் ஆண்டில் தோட்டத்துரைமார் படை கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டிலும் 1975ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. துரைமார் கப்பலேறியபோது பெட்டிக்குள் அடங்காத பொருள்கள் இங்கேயே தங்கின. சில பங்களாவிற் கிடந்தன. சில சமையற்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுக்கப்பட்டன. சில பழம்பொருட் கடைகளுக்குப் போயின.

இவ்வாறு கைமாறிய பொருள்களோடு, வேறிடத்திலிருந்து வந்து பழையன போல உருமாறிய பொருள்களும் கலந்துவிட்டன. இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. நான் படைத்துறை அறிந்தவனல்லன். கலைப் பட்டம் பெற்று, வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்திற் கழித்தவன். ஆயினும் ஒரு தவறு செய்து, அதன் பயனாக இதனைக் கற்றுக்கொண்டேன். அந்தத் தவற்றை ஒளிக்காமற் சொல்லுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் தோட்ட வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். கொழுந்துக் கூடை, பழைய தராசு, கவ்வாத்துக் கத்தி, பெயர் பதிந்த பித்தளைக் குவளை என்று பிள்ளைகள் தத்தம் வீடுகளிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்தனர். பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது சிறு கடை வைத்திருப்பவர், உறையோடு கூடிய துப்பாக்கி ஈட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாகச் சொன்னார். அதன் பிடியில் தோட்டத்துரைமார் படையைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்கள் நான்கு பொறிக்கப்பட்டிருந்தன. அது கலிப்போலியிலிருந்து மீண்ட ஈட்டி என்று விற்றவர் கூறினாராம். நானும் மகிழ்ந்து, என் கையாலேயே 'தோட்டத்துரைமார் றைபிள் படை; கலிப்போலி, 1915' என்று அட்டையில் எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த அட்டையைப் படித்தாள். அவளுடைய பாட்டி, தன் பாட்டனாரைப் பற்றி அடிக்கடி ஒரு கதை சொல்லுவாராம். அவர் துரை ஒருவரின் குதிரைக்காரராக இருந்தவர். அந்தத் துரை போருக்குப் போனவர். இதனையும் அட்டையையும் சேர்த்துவைத்து, தன் முன்னோர் இந்த ஈட்டியை ஏந்திக் கலிப்போலியிற் போர் புரிந்தார் என்று அவள் கட்டுரை எழுதினாள். கட்டுரை நன்றாக இருந்தது. பரிசும் கொடுத்தோம்.

கண்காட்சியின் மூன்றாம் நாள், இராணுவத்தின் ஆயுதத் திருத்தகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளையோடு வந்தார். பெட்டியின் முன் நெடுநேரம் நின்றார். பின்பு என்னிடம் வந்து, "அதிபர் ஐயா, பிள்ளைகள் போன பிறகு இதைக் கொஞ்சம் வெளியில் எடுத்துப் பார்க்கலாமா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். அன்று மாலை என் அறை மேசைமேல் அவர் எனக்குக் கற்பித்ததையும், அதன்பின் நானே தேடிக் கற்றதையும் இப்பொழுது வரிசைப்படுத்திச் சொல்லுகிறேன்.

முதலில், 'பழையது', 'புதுக்கியது' என்னும் இரண்டு சொற்களால் மட்டும் எல்லாப் பொருள்களையும் அளந்துவிட முடியாது. இவ்வீட்டிகள் நான்கு வகையின. படையிற் பயன்பட்டு, எஞ்சி விற்கப்பட்டு, அதன்பின் எவரும் கைவைக்காதவை முதல் வகை. படையில் இருந்த காலத்திலேயே படையின் தொழிற்சாலையிற் பழுது பார்க்கப்பட்டவை இரண்டாம் வகை. இவையும் முற்றிலும் உண்மையான படைக்கலங்களே. போருக்குப் பிறகு தனியார் பட்டறைகளில் விற்பனைக்காக மெருகிடப்பட்டு, பிடி மாற்றப்பட்டு, அழகு செய்யப்பட்டவை மூன்றாம் வகை. அடி முதல் நுனி வரை அண்மையிற் செய்யப்பட்ட பிரதிகள் நான்காம் வகை. நான்காம் வகையை இனங்காண்பது பெரும்பாலும் எளிது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதே கடினம். ஏனெனில் இரண்டிலும் பழைய இரும்பின்மேற் புதிய கை பட்டிருக்கிறது. அந்தக் கை படையின் கையா, வியாபாரியின் கையா என்பதே கேள்வி.

எங்கள் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது 1907ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர் பெற்ற பிரித்தானிய ஈட்டியும் அதன் இந்திய வழித்தோன்றல்களுமாகும். ஆகவே அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1903ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை குறுகிய லீ-என்ஃபீல்டு றைபிளை ஏற்றுக்கொண்டது. துப்பாக்கி குறுகியதால் வீரனின் எட்டும் தூரமும் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்ய நீண்ட ஈட்டி வேண்டியிருந்தது. ஜப்பானியர் அப்போது வைத்திருந்த நீண்ட ஈட்டியைப் பார்த்து, 17 அங்குல அலகுள்ள 1907ஆம் ஆண்டு மாதிரியை அமைத்தனர். பிடியோடு சேர்ந்து ஏறத்தாழ 22 அங்குலம். பின்னர் பர்மாக் காடுகளில் ஜப்பானியரையே இதே வகை ஆயுதத்தோடு எதிர்கொள்ள நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

எனவே முதற் சோதனை அளவுகோலாற் செய்வது. அலகு 17 அங்குலமா, 12 அங்குலமா என்று பாருங்கள். அடர்ந்த காட்டிலும் வண்டிகளுக்குள்ளும் நீண்ட அலகு இடையூறாக இருந்தமையால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் நீண்ட ஈட்டிகளை 12 அங்குலமாகக் குறைத்தனர். அதே அளவிற் புதியனவும் செய்தனர். குறைக்கப்பட்டதை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. 1907ஆம் ஆண்டு அலகின் இரு பக்கத்திலும் நீண்ட பள்ளம் ஒன்று ஓடும். இதனை 'இரத்தம் வழியும் கால்வாய்' என்று பலர் அச்சத்தோடு சொல்லுவர். அது கட்டுக்கதை. அலகின் எடையைக் குறைத்து, வளையாத உறுதியைக் காப்பதற்காகவே அப்பள்ளம் இடப்பட்டது. நீண்ட அலகில் இப்பள்ளம் நுனிக்குச் சில அங்குலம் முன்னரே முடிந்துவிடும். நீண்டதை வெட்டிக் குறைத்திருந்தால், பள்ளம் ஏறக்குறைய நுனிவரை ஓடும். போர்க் காலத்தில் 12 அங்குலமாகவே புதிதாகச் செய்த இந்திய அலகுகளிற் பெரும்பாலானவற்றில் பள்ளமே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 12 அங்குலம் என்றாலே 1940க்குப் பின்னது என்று முடிவு கட்டிவிடலாகாது. 1888ஆம் ஆண்டு மாதிரியும் 1903ஆம் ஆண்டு மாதிரியும் 12 அங்குல அலகு உடையனவே. ஆனால் அவை இருபுறமும் கூருள்ளவை. 1907ஆம் ஆண்டு வழியைச் சேர்ந்தவை ஒருபுறம் மட்டும் கூருள்ளவை. மறுபுறம் எங்கள் கவ்வாத்துக் கத்தியின் முதுகு போல் தடித்திருக்கும்.

இரண்டாவது சோதனை முத்திரைகளைப் படிப்பது. அலகு பிடியோடு சேருமிடத்தில் தட்டையான சிறு பகுதி உண்டு. அதுவே இந்த ஆயுதத்தின் பிறப்புச் சான்றிதழ். ஒரு பக்கத்தில் அரச முடியும் அரசரின் எழுத்துக்களும், 1907 என்ற மாதிரி எண்ணும், செய்த மாதமும் ஆண்டும், செய்தவர் பெயரும் காணப்படும். வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் முதலிய இங்கிலாந்துப் பெயர்கள் பலவற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையிலும் இவை செய்யப்பட்டன. ஆண்டு இரண்டு இலக்கமாகவே இருக்கும். 1907 என்பது மாதிரியின் பெயர் என்பதை அறியாது, அதனையே செய்த ஆண்டாகக் கருதி ஏமாறுவோர் பலர். மறு பக்கத்தில் பெருக்கற் குறி போன்ற அடையாளம் ஒன்று இருக்கும். அலகை வளைத்துப் பார்த்து, அது முறியாது தேறியது என்பதற்கு அத்தாட்சி அது. அதனருகே பரிசோதகரின் சிறு முத்திரையும், அரச உடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும் காணலாம்.

அம்புக்குறியைப் பற்றி மேலும் ஒரு செய்தி. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டுமாறு பொறிக்கப்பட்டிருந்தால், அந்தப் பொருள் படையின் உடைமையிலிருந்து முறைப்படி நீக்கி விற்கப்பட்டது என்று பொருள். உபரியாக விற்கப்பட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. ஆயினும் விற்கப்பட்ட எல்லாவற்றிலும் இது இருக்கும் என்று எதிர்பார்த்தலாகாது.

கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள இஷாப்பூர் றைபிள் தொழிற்சாலையிற் செய்தவற்றில் ஆர்.எஃப்.ஐ. என்னும் மூன்று எழுத்துக்களைக் காணலாம். அரசரின் எழுத்துக்களும் அங்கே ஜீ.ஆர்.ஐ. என்றிருக்கும், கடைசி எழுத்து பேரரசர் என்பதைக் குறிப்பது. இந்தியா குடியரசான பின் முடியின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. அதன்பின்னும் இஷாப்பூரில் இவ்வகை ஈட்டிகள் செய்யப்பட்டே வந்தன. ஆகவே அசோகச் சிங்கம் பொறித்த ஈட்டியைக் காட்டி, 'இது வெள்ளைக்காரன் காலத்தது' என்று எவராவது கூறினால், வாதாட வேண்டியதில்லை. முத்திரையைச் சுட்டிக்காட்டினாற் போதும்.

முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அது எவ்வாறு பதிந்திருக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். உளியால் அடித்துப் பதித்த எழுத்தின் ஓரத்தில் இரும்பு சற்றே மேலெழும்பி நிற்கும். விரல் நுனியால் தடவினால் அது தட்டுப்படும். வியாபாரியின் மெருகுச் சக்கரத்தில் ஒருமுறை ஏறிய அலகில் இந்த ஓரம் தேய்ந்துவிடும். எழுத்து ஆழமிழந்து, ஒரு பக்கம் தெளிந்தும் மறுபக்கம் மறைந்தும் காணப்படும். வார்ப்பாற் செய்த பிரதியில் எழுத்தின் ஓரம் மழுங்கியும், அடிப்பகுதி மணல் மணலாகவும் இருக்கும். மறைந்த எழுத்தைப் படிக்க, இருட்டறையிற் கைவிளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். அல்லது மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். கல்வெட்டுப் படியெடுக்கும் முறைதான் இது.

மூன்றாவது சோதனை, அமைப்பில் நிகழ்ந்த மாறுதல்களைக் காலத்தோடு ஒப்பிடுவது. தொடக்கத்தில் 1907ஆம் ஆண்டு ஈட்டியின் குறுக்குக் காப்பில் கொக்கி போல் வளைந்த முனை ஒன்று இருந்தது. 1913ஆம் ஆண்டில் அதனை நீக்கினர். பழுதுபார்க்க வந்த பழையவற்றிலும் அதனை அராவி எடுத்துவிட்டனர். ஆகவே கொக்கியோடு எஞ்சியவை குறைவு. விலையோ மிக அதிகம். விலை அதிகமான இடத்திற் போலி முளைப்பது உலகியல்பு. கொக்கியில்லாத ஈட்டிக்குக் கொக்கியை ஒட்டவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அலகிலுள்ள ஆண்டு 1913க்குப் பிற்பட்டதாயிருந்து கொக்கியும் இருந்தால் ஐயங்கொள்ளுங்கள். கொக்கி தொடங்கும் இடத்தில் ஒட்டுக் கோடோ, நிறமாற்றமோ தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியாற் பாருங்கள்.

1916ஆம் ஆண்டு முதல், பிடியின் முடிக்குமிழில் சேறும் தூசும் வெளியேறுவதற்கென ஒரு துளை இடப்பட்டது. முன்னர் செய்தவற்றிலும் பழுதுபார்க்கும்போது இத்துளையை இட்டனர். எனவே 1910ஆம் ஆண்டு அலகில் துளை இருப்பது குற்றமன்று. அந்த ஈட்டி பிற்காலத்திலும் சேவையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. இங்கேதான் நான் முன்பு சொன்ன இரண்டாம் வகை தெளிவாகிறது. படையின் தொழிற்சாலையிற் பழுதுபார்த்து மீண்டும் வழங்கியவற்றிற் பலவற்றில், செய்த ஆண்டின் அருகே மீண்டும் வழங்கிய ஆண்டின் இரு இலக்கங்களும் புதிய பரிசோதனை முத்திரையும் இருக்கும். படை தான் செய்ததை எழுதி வைக்கிறது. வியாபாரி செய்ததற்கு எழுத்தில்லை.

நான்காவது சோதனை மேற்பூச்சு. எங்கள் பகுதி நாலாயிரம் அடி உயரத்தை ஒட்டியது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சுவரிலும் பாசி படரும். இங்கே நூறாண்டு கிடந்த இரும்பு துருப்பிடியாமல் இருக்க இயலாது. துரு, யாழ்ப்பாணத்தார் கறள் என்பது, இரண்டு வகைப்படும். பல்லாண்டு எண்ணெய் துடைத்துப் பேணிய இரும்பிற் கருஞ்செம்மை நிறம் படிந்து, கையில் ஒட்டாது உறைந்திருக்கும். அமிலமோ உப்புநீரோ ஊற்றி அவசரமாக வரவழைத்த துரு, செம்மஞ்சளாய்ப் பொடிந்து விரலில் ஒட்டும். எங்கும் ஒரே சீராகப் பரவியுமிருக்கும். இயற்கைத் துரு அப்படிப் பரவுவதில்லை. தோலின் ஈரம் பட்ட இடத்தில் மிகுதியாகவும், எண்ணெய் தங்கிய மூலையிற் குறைவாகவும் இருக்கும்.

இனி, பழைய துருக்குழிகளின்மேற் புத்தம்புதிய நீலக்கறுப்பு மெருகு படிந்திருந்தால், அந்த மெருகு குழிகளுக்குப் பின் வந்தது என்பது தெளிவு. எழுத்துக்களின் பள்ளத்துக்குள்ளும் அம்மெருகு சென்றிருக்கிறதா என்று பாருங்கள். படைத் தொழிற்சாலையும் இவ்வாறு செய்ததுண்டு. இந்தியாவிற் கறுப்பு வர்ணமே பூசப்பட்டவையும் உண்டு. ஆகவே பூச்சை மட்டும் கொண்டு தீர்ப்பளியாது, மீள்வழங்கல் முத்திரை உண்டா என்பதோடு சேர்த்தே எடைபோட வேண்டும். முகம் தெரியும்படி பளபளக்கும் அலகைப் பற்றி ஐயமே வேண்டாம். வியாபாரியின் சக்கரமோ, மணற்றாள் பிடித்த ஆர்வலரின் கையோ அதில் ஏறியிருக்கும்.

ஐந்தாவது சோதனை மரமும் திருகாணியும். பிடியின் இருபுறமும் மரத்தகடுகள் இரண்டு திருகாணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு இதனை நான் விளக்கத் தேவையில்லை. உழைத்த கருவியின் பிடி, கை படும் இடத்திலேயே தேய்ந்து வழவழப்பாகும்; மூலைகளிற் பழைய கூர் அப்படியே நிற்கும். மணற்றாளால் தேய்த்த பிடியில் எல்லா இடமும் ஒரே மாதிரி உருண்டிருக்கும். மரமும் இரும்பும் சேரும் விளிம்பைப் பாருங்கள். ஆண்டுகள் பல ஒன்றாயிருந்தவை ஒன்றுக்கொன்று இடங்கொடுத்து, எண்ணெயும் அழுக்கும் இடைவெளியை நிரப்பியிருக்கும். இரும்பு பழையதாயும், மரம் இரும்பின் விளிம்புக்கு மேலெழுந்தும், திருகாணியின் வெட்டு வெள்ளியாய் மின்னியும் இருந்தால், பிடி மாற்றப்பட்டது என அறிக.

பிடியிற் பொறிக்கப்படும் படைப்பிரிவின் எழுத்துக்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற படையின் பெயர் விலையை உயர்த்தும். எழுத்து அடிக்கும் உளிகளோ எந்த இரும்புக் கடையிலும் வாங்கக்கூடியவை. பழைய எழுத்தின் பள்ளத்தில், சுற்றியுள்ள இரும்பின் அதே நிறம் இருக்கும். பழமையின் கருமையை வெட்டிக்கொண்டு பளிச்சென்று தெரியும் எழுத்து, பழமைக்குப் பின் வந்த எழுத்தாகும்.

ஆறாவது உறை. ஈட்டிக்கும் உறைக்கும் எப்பொழுதும் திருமணப் பொருத்தம் இருப்பதில்லை. படையிலேயே உறைகள் மாறியதுண்டு. எனினும் 12 அங்குல அலகு 17 அங்குல உறைக்குள் ஆடிக்கொண்டிருந்தால், இரண்டும் பிற்காலத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டவை. பழைய தோல் சுருங்கி, வாய்ப்பூணுக்கும் நுனிப்பூணுக்கும் அருகே இடைவெளி விட்டிருக்கும். தையல் நூல் இற்றிருக்கும். புதிய தோலிற் சாயத்தின் மணம் போகாது.

இறுதியாக ஒரு வகையைக் குறிப்பிடாவிட்டாற் பேச்சு நிறைவுறாது. இரண்டாம் உலகப் போரின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு றைபிளுக்கு, 8 அங்குல நீளமுள்ள வெறும் கூர்முனையே ஈட்டியாக அமைந்தது. பார்ப்பவர்கள் அதனை ஒரு கருவியின் உடைந்த பகுதி என்று எறிந்துவிடுவர். அவற்றுள் நான்கு வரம்புகள் உடைய முதல் வகையைச் செய்தது, எங்கள் வீடுகளுக்கெல்லாம் தையல் இயந்திரம் தந்த சிங்கர் நிறுவனத்தின் ஸ்கொத்லாந்துத் தொழிற்சாலை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இனி, என் மேசைமேலிருந்த ஈட்டிக்கு வருவோம். பெரியவர் அதனை அளந்தார். 12 அங்குலம், ஒருபுறக் கூர், பள்ளமில்லை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். மெருகிலே பாதி அழிந்திருந்த எழுத்துக்கள் நிழலிற் பிழைத்தெழுந்தன: ஜீ.ஆர்.ஐ.; அதன்கீழ் ஆர்.எஃப்.ஐ.; அதனருகே 42. மீள்வழங்கல் முத்திரை எதுவுமில்லை. மரம் புதியது. தோட்டத்துரைமார் படையின் நான்கு எழுத்துக்களும் கருமையை வெட்டிக்கொண்டு வெளுத்திருந்தன. 1942ஆம் ஆண்டில் இஷாப்பூரிற் பிறந்த ஈட்டி, 1915ஆம் ஆண்டில் கலிப்போலிக்குச் சென்றிருக்க முடியாது. அந்த எழுத்துக்களைப் பொறித்தவர் யார், எந்தக் கைகளைக் கடந்து அது வந்தது என்பதை நாங்கள் ஆராயவில்லை.

மறுநாட் காலையில் அந்த மாணவியை அழைத்தேன். அட்டையை எழுதியவன் நான், பிழையும் என்னுடையது என்று முதலிற் சொன்னேன். அந்தப் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேர்க்கப்பட்டனர் என்பதையும் சொன்னேன். இதனை நான் முன்பே அறிந்திருந்தும், அவளுடைய கட்டுரையைப் படித்தபோது வாய் திறவாதிருந்தது இரண்டாவது பிழை. அவள் சிறிதுநேரம் பேசாமல் நின்றாள். பின்பு, "அப்படியென்றால் பாட்டி சொன்னதும் பொய்யா, ஐயா?" என்று கேட்டாள்.

நேயர்களே, போலிப் பொருளால் விளையும் தீங்கு எது என்பதை அந்தக் கேள்வியில்தான் உணர்ந்தேன். பழைய மாணவர் இழந்தது பணம். அதனை மீண்டும் உழைத்துத் தேடலாம். அந்தப் பிள்ளையோ, பொய்யான அட்டையிலே தன் குடும்பத்தின் மெய்யான நினைவைக் கட்டிவிட்டாள். அட்டை சரிந்தபோது நினைவும் சேர்ந்து சரிந்தது. எழுத்தில் வரலாறு இல்லாத மக்களுக்கு வாய்மொழிதான் ஆவணம். அந்த ஆவணத்தின்மேல் நானே ஐயத்தைக் கொட்டிவிட்டேன்.

பாட்டியிடம் மீண்டும் கேட்டுவரும்படி சொன்னேன். கேட்கும்போது எதையும் எடுத்துக்கொடுக்காமல், அவர் சொல்லுவதை அப்படியே எழுதிவரச் சொன்னேன். மூன்று நாள் கழித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி ஒருபோதும் தன் பாட்டனார் போரிட்டதாகச் சொல்லவில்லை. துரை புறப்பட்ட நாளில் அவருடைய பெட்டியைத் தலையிற் சுமந்து அட்டன் புகைவண்டி நிலையம் வரை சென்றார். துரை திரும்பி வரவில்லை. குதிரையை வேறு துரைக்கு விற்றுவிட்டார்கள். அதன்பின் பாட்டனார் மலைவேலைக்குப் போனார். அவ்வளவே பாட்டியின் கதை. அதில் ஈட்டியுமில்லை, கலிப்போலியுமில்லை. ஒரு பெரும் போர் எங்கள் லயத்தில் ஒரு மனிதரின் தொழிலை எவ்வாறு மாற்றியது என்பது இருந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியின் அருகிலேயே மாட்டினோம்.

ஈட்டியையும் நாங்கள் எறியவில்லை. அன்பளித்த பழைய மாணவரை வரவழைத்து, எல்லாவற்றையும் காட்டினேன். அவர் முகம் வாடியது, பின்பு, "உண்மையை எழுதி வையுங்கள், ஐயா, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார். இப்பொழுது அட்டையில் இவ்வாறு இருக்கிறது: 'இந்திய மாதிரித் துப்பாக்கி ஈட்டி, இஷாப்பூர், 1942, போருக்குப் பின் மெருகிடப்பட்டது, பிடி புதியது, எழுத்துக்கள் பிற்காலத்தன.' அதனைப் பார்க்கும் பிள்ளைகள், வட ஆபிரிக்காவிலும் பர்மாவிலும் போரிட்ட இந்தியப் படைவீரரைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுள் தமிழரும் பலர் என்று நான் சொல்லுகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய பெட்டியிலோ இத்தகைய பொருள் ஒன்று கிடைத்தால், முதலில் அது கூரிய படைக்கலம் என்பதை மறவாதீர்கள். சிறுவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தருகிறதா என்று உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மணற்றாளையும் மெருகெண்ணெயையும் தொடாதீர்கள். மென்துணியிற் சிறிது எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தாற் போதும். பளபளப்பு வரவழைக்கும் ஆர்வத்தில் முத்திரையைத் தேய்த்துவிட்டால், அதன் பின் எந்தப் பெரியவரின் கைவிளக்கும் அதனை மீட்டுத் தராது. அளவையும் முத்திரையையும் ஒரு தாளில் எழுதுங்கள். அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு, அதனை வேறொரு தாளில் எழுதுங்கள். இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றுக்காக மற்றொன்றைத் திருத்தாதீர்கள்.